பெரும் முதன்மையெண்ணும் கூட்டுழைப்பும்

கணிதத்தைச் சமுதாயத்துக்கு அப்பாற்பட்ட தூய அறிவெனக் கொள்வோர், தமக்குச் சான்றாக முதன்மையெண்களைக் காட்டுவதுண்டு. ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத, ஒன்றிலும் பெரிய முழுவெண்ணே முதன்மையெண். தமிழகத்தார் இதனைப் பகா எண் என்பர். இதன் இயல்பு மனித விருப்பைச் சார்ந்ததன்று என்பது உண்மையே. ஆயின் அவ்வியல்பை மனிதர் அறிந்துகொண்ட முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அது உழைப்பின் வரலாறாகும்.

2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட எண் இதற்குத் தக்க உதாரணமாகும். 136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் பெருக்கத்தில் ஒன்றைக் கழிக்க அவ்வெண் கிடைக்கும். 41,024,320 இலக்கங்களைக் கொண்ட அது, அதுவரை அறியப்பட்ட முதன்மையெண்கள் யாவற்றிலும் பெரியது. இவ்வடிவில் அமைந்த எண்கள் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவி மெர்சென்னின் பெயரால் வழங்குகின்றன.

இத்தகைய எண்ணைச் சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தல் இயலாது. 19ஆம் நூற்றாண்டில் லூக்கா வேறு வழி கண்டார்; பின்னர் லேமர் அதனைச் செம்மைப்படுத்தினார். 127ஐ எடுத்துக்கொள்வோம். அது ஏழு இரண்டுகளின் பெருக்கத்திலும் ஒன்று குறைந்தது. நான்கில் தொடங்குக, வர்க்கித்து இரண்டைக் கழித்து, 127ஆல் வகுத்து மீதியை மட்டும் கொள்க. இவ்வாறே தொடரின் 14, 67, 42, 111, 0 என வரும். ஏழிலும் இரண்டு குறைந்த ஐந்தாம் படியில் மீதி பூச்சியமாதலால் 127 முதன்மையெண்ணாகும். பூச்சியம் வராதிருப்பின் அது முதன்மையெண் அன்று என்பது, அதன் காரணிகளை அறியாமலே துணியப்படும்.

1876இல் லூக்கா 39 இலக்க எண்ணொன்றைக் கையாற் கணித்தே முதன்மையெண்ணென நிறுவினார். இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்த 1952ஆம் ஆண்டில், ராபின்சன் கணினியின் துணையுடன் 157 இலக்க எண்ணை எட்டினார். 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர், எவ்வடிவிலமைந்த எண்ணையும் ஐயத்துக்கிடமின்றிச் சோதிக்கவல்ல பொதுமுறையொன்றை நிறுவினர். இலக்கங்கள் பெருகினும் அம்முறையின் வேலை கட்டுமீறிப் பெருகுவதில்லை என்பதே அதன் சிறப்பு.

முதன்மையெண்ணைச் சோதித்தல் இவ்வாறு எளிதாக, பெரிய எண்ணொன்றின் காரணிகளைக் காண்டலோ இன்னும் அரிதாகவே உள்ளது. இவ்வேறுபாட்டின் மீதே 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறைகுறியீட்டு முறை எழுப்பப்பட்டது. அதற்குச் சில நூறு இலக்க முதன்மையெண்களே போதுமானவை. ஆகவே, 2024இன் பேரெண் வணிக இரகசியங்களைக் காக்கும் என்பது தவறான கருத்தாகும்.

அவ்வெண் எவ்வாறு கிடைத்தது என்பதும் நோக்கற்பாலது. 1996இல் தொடங்கிய ஒரு முயற்சி, தன்னார்வலர் பலரின் கணினிகளைத் தேடலில் ஈடுபடுத்தியது. அதிற் பங்குகொண்ட லூக் டுரான்ட், வாடகைக்குப் பெறத்தக்க கணிப்பாற்றலை 17 நாடுகளிலிருந்து திரட்டி இவ்வெண்ணைக் கண்டார்.

127க்கான கணக்கைக் கண்டியை அண்டிய தோட்டப் பாடசாலை மாணவர் ஒருவர் தாளிலும் பென்சிலாலும் சரிபார்க்கலாம். நாலு கோடி இலக்கங்களுக்கும் விதி அதுவே. வேறுபடுவது கருவி மாத்திரமே. உண்மை எல்லோர்க்கும் பொதுவாயிருக்க, அதனை எட்டும் கருவி சிலரின் உடைமையாயிருத்தல் கணிதத்தின் நியதியன்று. சமுதாய அமைப்பின் விளைவாகும். அதனை மாற்றுதல் மனிதரால் இயலும்.