அகல டயர் போட்டால் பிடிப்பு கூடுமா?

சென்ற துலாவர்ஷத்தில் ஒரு நாள் மாலை. நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த என் அக்காள் மகன் ஸ்ரீவராகம் கோயில் குளத்தருகே திரும்பும்போது மோட்டார் சைக்கிளோடு சறுக்கினான். வேகம் அதிகமில்லை. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் பின்னால் அவன் தங்கை உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

அவனுடையது குரூயிசர் வகை வண்டி. தாழ்ந்த இருக்கை, நீண்ட உடல், முன்னால் நீட்டிய கால்மிதி. கம்பெனி கொடுத்த பின் டயரைக் கழற்றிவிட்டு, அதே ரிம்மில் அகலமான டயரை மாட்டியிருந்தான். "அகலம் கூடினா பிடிப்பும் கூடும்னுதானே மாமா போட்டேன்?" என்று கேட்டான். விழுந்ததற்கு டயர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மழையும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிய வேண்டியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எண்கள் சொல்வது என்ன?

டயரின் பக்கவாட்டில் 120/80-18 என்று இருந்தால், அகலம் 120 மில்லிமீட்டர். உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 96 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 18 அங்குலம். சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுக்கு இரு சக்கரங்களிலும் 3.25-19 டயர்தான். அகலம் சுமார் 83 மில்லிமீட்டர். 2020இல் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350க்கு முன்னால் 100, பின்னால் 140. ஹார்லி டேவிட்சன் பிரேக்அவுட்டில் பின் டயர் 240!

குரூயிசரில் ஓட்டுபவர் பின்தள்ளி உட்காருவதால் பின்சக்கரத்தில் பாரம் அதிகம். பின் ரிம்மும் பெரும்பாலும் சிறியது. அதனால் ஓரளவு அகலம் தேவைதான். அதற்கு மேல் உள்ளது பெரும்பாலும் அழகுக்காக.

ரோட்டில் பதியும் இடம்

பின்சக்கரத்தின் மேல் 180 கிலோ பாரம், உள்ளே காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ (சுமார் 28 பவுண்டு) என்று வைத்துக்கொள்வோம். 180ஐ 2ஆல் வகுத்தால் 90. டயர் ரோட்டில் பதியும் பரப்பு ஏறக்குறைய 90 சதுர சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் அகலம் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அகல டயரில் பதியும் தடம் அகலமாகவும் நீளம் குறைந்தும் இருக்கும். பரப்பு பெரிதாக மாறாது. பிடிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ரப்பரின் தரம், தேய்மானம், காற்றழுத்தம், ரோட்டின் நிலை ஆகியவைதான்.

சாய்வுக் கணக்கு

கார் திரும்பும்போது சாயத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் சாய்ந்தே ஆக வேண்டும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 36 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், கத்தி முனை போல மெல்லிய டயராக இருந்தால் 27 டிகிரி சாய்வு போதும். ஆனால் நிஜ டயருக்கு அகலம் உண்டு. வண்டி சாயும்போது ரோட்டைத் தொடும் இடம் நடுவிலிருந்து டயரின் ஓரத்துக்கு நகர்கிறது. அதை ஈடுகட்ட இன்னும் சாய வேண்டும். பளுமையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 90 மில்லிமீட்டர் டயருக்கு 2 டிகிரி கூடுதல், 140க்கு மூன்றரை, 240க்கு ஆறரை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். குரூயிசரில் கால்மிதியும் சைலன்சரும் தரைக்கு மிக அருகில் இருக்கின்றன. கொஞ்சம் சாய்ந்தாலே உரசும். கையிருப்பே குறைவு, அதில் அகல டயர் மேலும் எடுத்துக்கொள்கிறது. 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பொன்முடிப் பாதையில் போனவர்களுக்கு ஒவ்வொரு டிகிரியின் அருமையும் தெரியும். அகல டயர் போட்ட வண்டி சாயவும் நிமிரவும் அதிக முயற்சி கேட்கும். அவசரமாக ஒதுங்க வேண்டிய நேரத்தில் இந்தத் தாமதம் ஆபத்து.

ரிம்மும் மழையும்

ஒவ்வொரு டயருக்கும் இந்த அளவு முதல் இந்த அளவு வரை ரிம் அகலம் என்று தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் இரு ஓரங்களும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி கூம்பி எழும். நேரே போகும்போது நடு மட்டும் பதிந்து தேயும்; சாயும்போது திடீரென்று வேறு பகுதிக்கு மாறுவது போலிருக்கும். மருமகன் வண்டியில் நான் பார்த்ததும் இதுதான்: நடுவில் மட்டும் தேய்மானம். செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ டயர் உரசுவதும் உண்டு.

நம் ஊரில் இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்தில் இரண்டு மழைக்காலம். தேங்கிய நீரில் அகல டயர் அதிக நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். வேகம் கூடினால் குறுகிய டயரைவிட முன்னதாகவே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

என்ன செய்யலாம்?

வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவையே போடுங்கள். பணம் செலவழிக்க ஆசையிருந்தால் அதே அளவில் நல்ல ரப்பர் உள்ள டயராக வாங்குங்கள். வாரம் ஒருமுறை, வண்டி ஓடுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். புது டயர் முதல் 100, 150 கிலோமீட்டர் வரை வழுவழுப்பாக இருக்கும், நிதானம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் தகராறு வரவும் இடமுண்டு.

மருமகன் இப்போது பழைய அளவுக்கே திரும்பிவிட்டான். "திருப்பம் லேசா இருக்கு மாமா" என்றான். அவன் தங்கை மறுபடி பின்னால் ஏறச் சம்மதித்தது மட்டும் ஒரு மாதம் கழித்துத்தான்.