மாதவிடாய் நின்றபின் இதயமும் கவனிப்புக் கேட்கிறது



மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கும் வயதில் பெண்கள் உலமாக்களிடம் கேட்டனுப்பும் மஸ்அலாக்கள் ஏராளம். இரண்டு மாதம் வராமலிருந்து மூன்றாம் மாதம் பத்து நாள் கண்டால் தொழுகை எப்படி, விட்ட நோன்பைக் களாச் செய்வது எப்போது என்றெல்லாம் கேள்விகள் வரும். பெரும்பாலும் கணவரோ மகனோ வந்து கேட்பார். பதிலும் அவர் மூலமே போகும். அதே வயதில் இதயத்துக்கு என்ன நடக்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அது மௌலவியிடம் கேட்க வேண்டிய கேள்வியல்ல என்பது சரிதான். ஆனால் வைத்தியரிடமும் அது கேட்கப்படுவதில்லை. அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

மாதவிடாய் நின்ற பெண்ணைப் பிக்ஹு நூல்கள் 'ஆயிஸா' என்று அழைக்கும். நிராசையடைந்தவள் என்பது சொல்லின் பொருள். இனி மாதவிடாய் வருமென்ற எதிர்பார்ப்பு அற்றவள் என்பதே கருத்து. வாழ்க்கையில் நிராசையடைந்தவள் என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். ஸூறதுத் தலாக்கின் 4ஆவது வசனம் இவர்களுடைய தலாக்கின் இத்தாவை மூன்று மாதங்களாக வகுத்திருக்கிறது. ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி நிராசையின் வயது 62. வைத்தியர்களின் கணக்கு வேறு. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்பார்கள். பெரும்பாலானோருக்கு இது 45க்கும் 55க்கும் இடையில் நிகழும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. முன்னையது இத்தாவின் சட்டத்துக்கான எல்லை, பின்னையது உடம்பில் நடக்கும் மாற்றம். ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்: ஒரு வருடம் நின்ற பிறகு மீண்டும் இரத்தம் கண்டால் மஸ்அலா கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள், கட்டாயம் வைத்தியரிடமும் காட்டுங்கள்.

பலவீனத்திலிருந்து பலமும், பலத்துக்குப் பின் மீண்டும் பலவீனமும் நரையும் அல்லாஹ்வின் படைப்பு நியதி என்பதை ஸூறதுர் ரூம் நமக்கு நினைவூட்டுகிறது. நரையைக் கண்ணாடி காட்டிவிடும். இரத்தக் குழாய்க்குள் நடப்பதை எந்தக் கண்ணாடியும் காட்டாது. பெண்ணின் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன், பிள்ளைப்பேறு வயது முழுவதும் இரத்தக் குழாய்களை நெகிழ்வாக வைத்திருக்கத் துணைபுரிகிறது. கெட்ட கொலஸ்ட்ரோலையும் ஓரளவு கட்டுப்படுத்துகிறது. மாதவிடாய் நிற்கும்போது இந்தச் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறுகிறது, குழாய்கள் விறைப்படைகின்றன, பிரஷர் கூடுகிறது. முன்பு இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு இப்போது வயிற்றில் சேரத் தொடங்குகிறது. "முன்பு தின்ற அளவுதான் தின்கிறேன், வயிறு மட்டும் ஏன் போடுகிறது?" என்று பெண்கள் அங்கலாய்ப்பதில் நியாயம் உண்டு. வயிற்றுக் கொழுப்புத்தான் சீனி வியாதிக்கும் இதய நோய்க்கும் நெருங்கிய உறவு. நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போவதே எச்சரிக்கை. தையல் நாடா இல்லாத வீடு நம்மிடம் ஏது? அளந்து பாருங்கள்.

அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 1948இல் ஆரம்பமான ஆய்வொன்று ஆண்களையும் பெண்களையும் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து கவனித்தது. ஒரே வயதுப் பெண்களுள் மாதவிடாய் நின்றவர்களுக்கே இதய நோய் அதிகம் என்பது அதில் தெரிய வந்தது. அப்படியானால் ஹோர்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் இதயம் காக்கப்படுமே என்று பலர் நம்பினார்கள். அதைச் சோதித்த பெரும் ஆய்வொன்றின் ஒரு பகுதி, நன்மையைவிடத் தீங்கே அதிகம் என்று கண்டு 2002இல் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. உடற்சூடு, வியர்வை போன்ற கஷ்டங்களுக்கு வைத்தியர்கள் ஆளைப் பார்த்து இன்றும் அதைக் கொடுப்பதுண்டு. இதயத்துக்கென்று நீங்களாகப் பாமசியில் வாங்கும் மருந்தல்ல அது.

இன்னொரு விடயம் பல தாய்மாருக்குத் தெரியாது. கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறியவர்களுக்கும் சீனி கண்டவர்களுக்கும், பிள்ளை பிறந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டாலும், பிற்காலத்தில் இதய நோய் வரும் சாத்தியம் மற்றவர்களைவிடக் கூடுதல். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், ஒபரேஷனில் சூலகங்கள் அகற்றப்பட்டவர்களும் அப்படியே. 25 வருடத்துக்கு முந்திய பிரசவக் கதை இப்போது எதற்கு என்று நினையாமல் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மாரடைப்பு என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் ஓர் ஆணின் தோற்றமே நம் மனதில் வருகிறது. பெண்களுக்கும் நெஞ்சு வலி வரும். ஆனால் அது இல்லாமலும், அல்லது லேசான இறுக்கமாகவும் வந்து, மூச்சு முட்டல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, தாடையிலோ தோளிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத கடும் களைப்பு என்று காட்டுவது அவர்களிடம் அதிகம். நம் வீடுகளில் இதற்கு வைக்கும் பெயர் 'கேஸ்'. இஞ்சிக் கஷாயம் கொடுத்து, முதுகில் தைலம் தடவி, விடியட்டும் என்று வைத்துக்கொண்டிருப்பார்கள். இதயத் தசைக்கு இரத்தம் போகாத ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தசை செத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த சேவை பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. இலக்கத்தை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். மகன் கடையிலிருந்து வரட்டும், வாப்பா தொழுதுவிட்டு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஸஅத் பின் அபீவக்காஸ் (ரழி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்று, அவரது நெஞ்சில் கை வைத்து, இது இதய நோய் என்று கூறி, ஸகீப் கோத்திரத்து வைத்தியரான ஹாரிஸ் பின் கலதாவிடம் போகும்படி ஏவியதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். அது ஒருபுறமிருக்க, அதே அறிவிப்பில் அஜ்வா பேரீச்சம்பழமும் சொல்லப்படுகிறது. நம்மவர்கள் பழத்தைப் பிடித்துக்கொண்டார்கள், வைத்தியரை விட்டுவிட்டார்கள்! உம்றா போய் வருபவர்களிடம் அஜ்வா கேட்டனுப்பும் அக்கறையில் பாதியாவது பிரஷர் பார்ப்பதில் இருக்கலாமே.

அதற்குச் செலவும் இல்லை. சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் இருந்தே நம் நாட்டில் நடைபெறுகின்றன. 35 வயதைத் தாண்டிய பெண்கள் அங்கே பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளலாம். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டால் எந்த நாள், எந்த இடம் என்று சொல்வார். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும் உண்டு. கொலஸ்ட்ரோலையும் அங்கே பார்க்கலாம். பெண் வைத்தியரைத் தேடுவது நல்லதுதான். கிடைக்காதபோது மஹ்ரமோ நம்பிக்கையான ஒரு பெண்ணோ உடனிருக்க, தேவையான அளவுக்கு ஆண் வைத்தியர் பரிசோதிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. வெட்கத்தை முன்வைத்து ஈஸீஜீ எடுக்காமல் திரும்பி வருவது பேணுதல் ஆகாது.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் தேங்காய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார் என்று கோபிப்பீர்கள். நிறுத்தச் சொல்லவில்லை. முதற்பாலை ஊற்றிச் சமைக்கும் கறி தினமும் மூன்றா என்றுதான் கேட்கிறேன். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை. கருவாடு, அப்பளம், ஊறுகாய், சூப் கட்டி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வட்டிலப்பம் பெருநாளைக்கு இருக்கட்டும். நோன்பு மாதத்தில் கஞ்சிக்குப் பக்கத்தில் தினமும் ரோல்ஸும் சமோசாவும் பொரித்தாக வேண்டும் என்ற பழக்கம் எந்த ஸுன்னத்தில் சேர்ந்ததோ தெரியவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பெண்கள் வீதியில் நடப்பதற்குப் பேச்சு வரும் ஊர்களில், ஸுபஹுக்குப் பின் நன்றாக வெளிச்சம் வந்ததும் அயலில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து நடக்கலாம். பேசுகிறவர்கள் வைத்தியச் செலவுக்கு வரப்போவதில்லை.

கணவரை இழந்து இத்தா இருக்கும் சகோதரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவலை, தூக்கமின்மை, நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருத்தல் எல்லாம் ஒன்றாய்ச் சேரும் காலம் அது. சில வீடுகளில் இத்தா முடியட்டும் என்று கிளினிக் கொப்பியையும் மடித்து வைத்துவிடுகிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் இத்தாவிலிருப்பவர் தேவைக்காகப் பகலில் வெளியே செல்ல அனுமதி உண்டு. வைத்தியம் தேவையில்லாமல் வேறென்ன? அவசரமென்றால் இரவிலும் போகலாம். மாத்திரை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.

ரமழானிலும் இப்படித்தான். பிரஷருக்கும் இதயத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் ஷஃபானிலேயே வைத்தியரைச் சந்தித்து, வேளை மாற்றி எடுக்கலாமா, நோன்பு தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு கூடாது, இந்நோய் குணமாகக் கூடியதுமல்ல என்று நம்பிக்கையான வைத்தியர் சொன்னால், ஒரு நோன்புக்கு ஒரு முத்து வீதம் அரிசி ஏழைக்குப் பித்யா கொடுத்தால் போதும். குணமடைய வாய்ப்பிருந்தால் பின்னர் களாச் செய்ய வேண்டும். இந்த இரண்டில் உங்களுக்கு எது என்பதை வைத்தியரின் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.