பிழையின் பெறுமதி

நாணயம் என்னுஞ் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். அங்ஙனமாயின், பிழைபட்ட நாணயக்குற்றி பிழையற்றதினும் பன்மடங்கு விலை பெறுவதேன்? பழஞ்சுவடிகளோடு பழகியோர்க்கு இவ்வினாவின் விடை எளிதிற் புலனாகும்.

ஏட்டிற் காணும் குறை இருவகைத்து. எழுதியவன் கை தவறியது ஒன்று. பின்னாளிற் செல்லரித்தது மற்றொன்று. முன்னையது ஏடு பிறந்த வரலாற்றைச் சொல்லும். பின்னையது அழிவை மட்டுமே சொல்லும். காசுக்கும் இவ்விதி பொருந்தும். அக்கசாலையின் வாயிலைக் கடக்குமுன் நேர்ந்தது பிழை. கடந்தபின் நேர்ந்தது சிதைவு. சிதைவு விலையைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது.

பிழையை ஆராய்வோர் மூன்றாக வகுப்பர்: வில்லைப் பிழை, அச்சுப் பிழை, அடிப்புப் பிழை என.

வில்லையாவது முத்திரை பெறாத வெற்றுத் தகடு. 1943ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா, போர்த்தேவைக்குச் செம்பைச் சேமிக்கக் கருதி, ஒரு சதக் காசைத் துத்தநாகம் பூசிய உருக்கில் அடித்தது. எஞ்சிக் கிடந்த வெண்கல வில்லைகள் சில அவற்றோடு கலந்து அச்சேறின. அச்சிலவே இன்று கிடைத்தற்கரியனவாயின.

1937இல் டென்வர் அக்கசாலையில் ஐந்து சதக் காசின் அச்சொன்றைப் பழுதுநீங்கத் தேய்த்தனர். தேய்ப்பு மிகுந்து, அதிலிருந்த காட்டெருதின் முன்கால் ஒன்று மறைந்தது. 1955இல் பிலதெல்பியாவில் ஒரு சதக் காசுக்கு அச்சுச் செய்கையில், மூலவுரு இரண்டாமுறை அழுந்தும்போது சிறிது திரும்பிவிட்டது. ஆண்டும் எழுத்தும் இரட்டித்தன. அவ்வகைக் காசுகள் 20,000 முதல் 24,000 வரை வெளிப்போந்தன என மதிப்பிடுவர். இவையிரண்டும் அச்சுப் பிழைகள்.

வில்லை விலகிக் கிடக்க அடி விழுந்தால், உரு ஒருபுறம் ஒதுங்கும். இஃது அடிப்புப் பிழை. அங்ஙனம் ஒதுங்கியும் ஆண்டு தெளிவாய்த் தெரியுமாயின் விலை கூடும்.

ஒரு மூலத்தைப் பார்த்தெழுதிய ஏடுகள் யாவும் அதன் வழுவைச் சுமத்தல்போல, அச்சுப் பிழை அவ்வச்சிற் பிறந்த காசுகள் பலவற்றிலும் ஒரே வடிவில் தொடரும். அடிப்புப் பிழையோ அவ்வொரு காசோடு ஒழியும். ஆதலின், ஒரு காசை ஐயுறின் அதன் உடன்பிறப்பைத் தேடுக.

எழுத்து இரட்டித்தல் யாவும் அரியதன்று. அடிக்கையில் அச்சு அசைந்தால் எழுத்தின் ஓரம் படிபோலத் தட்டையாக நசுங்கும். அதற்குப் பெறுமதி இல்லை எனலாம். இரட்டை அச்சிலோ இரண்டாம் வடிவமும் புடைத்துத் தெளிவாக நிற்கும்.

வஞ்சகரும் உளர். 1943ஆம் ஆண்டின் உருக்குக் காசுக்குச் செம்பு பூசுவர். காந்தம் பற்றுமாயின் அப்பொய் வெளிப்படும். 1948 என்னும் எண்ணில் எட்டைச் செதுக்கி மூன்றாக்குவர். அதனைக் காந்தம் காட்டாது, உருப்பெருக்கியே காட்டும். இருபுறமும் தலையுள்ள காசு பெரும்பாலும் இரு காசுகளைக் குடைந்து பொருத்தியதே; விளிம்பின் உட்புறத்திற் பொருத்துவாய் தெரியும்.

தேய்ந்த காசொன்றைப் பெருநிதியென்று நம்பி மயங்கும் மாணாக்கரை யான் கண்டிருக்கின்றேன். அவர்க்கு வேண்டுவது நல்ல உருப்பெருக்கியும் பொறுமையுமே. பிழை மெய்யோ, அரியதோ, விரும்புவோர் உளரோ, காசின் நிலை எத்தகையது என நான்கையும் வினவிய பின்னரே விலை பேசுக. அதுகாறும் காசைத் துலக்காதிருத்தல் நன்று; துலக்கிய காசு விலை குன்றும்.