மழைநாட்டு நாயின் பாதப் பராமரிப்பு

கலவானப் பகுதியில் மே மாதத்துத் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதைகளும் லயத்து வாசல்களும் செப்டெம்பர் வரையில் நன்கு உலர்வது அரிது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மீண்டும் வலுக்கும். இத்தகைய நிலத்தில் இரவும் பகலும் வெறுங்காலுடன் திரிவது வீட்டு நாய். மரவள்ளியையும் வற்றாளையையும் காட்டுப்பன்றியிடமிருந்து காத்துவந்த அந்நாய், ஒருநாள் மாலை படியை விட்டிறங்க மறுத்துப் படுத்துவிடும். வீட்டார் அதனைச் சோம்பல் என்றெண்ணி அதட்டுவர். அதன் காலைத் தூக்கிப் பார்ப்பவர் சிலரே. நாய் இறங்காத இரவைப் பன்றி விரைவில் அறிந்துகொள்ளும்.

நாயின் ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல் மெத்தைகளும், அவற்றின் பின்னே ஒரு பெரிய மெத்தையும் உள. மெத்தையின் மேற்புறம் தடித்த கடுந்தோல், உட்புறம் கொழுப்பு. நடக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை இக்கொழுப்பே தாங்குகின்றது. ஆனால் விரல்களுக்கிடையில் உள்ள தோல் மெல்லியது; அங்கு மயிரும் உண்டு. சேறு அம்மயிரிற் பிடித்து, ஈரத்தை மணிக்கணக்காக வைத்திருக்கும். தண்ணீரில் நெடுநேரம் நின்றவரின் உள்ளங்கால் வெளுத்து ஊறுவது போன்று நாயின் தோலும் ஊறி மென்மையாகும். அதன்பின் சிறு கல்லும் அதனைக் கிழிக்கப் போதுமானது.

வறண்ட நாடுகளிலும் பனிநாடுகளிலும் நாயின் பாதம் வெடிப்பதனால், எண்ணெய் அல்லது மெழுகு பூசுமாறு அங்குள்ளோர் கூறுவர். அவ்விடங்களுக்கு அது பொருத்தமே. கலவானைக்கு அது பொருந்தாது. ஈரப் பாதத்தில் தேங்காயெண்ணெயைப் பூசினால் விரலிடுக்கின் ஈரம் வெளியேறாது தங்கிவிடும். இங்கு வேண்டியது எண்ணெயன்று, உலர்ந்த துணியே.

மாலையில் நாய் வீடு திரும்பியதும் நான்கு பாதங்களையும் சுத்தமான நீரிற் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பழைய பருத்தித் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். தேய்த்தல் கூடாது. இதற்கு ஐந்து நிமிடம் போதும். இரவிற் படுப்பதற்குச் சாக்கு விரித்த பலகையொன்றை அடுப்பங்கரையின் அருகில் இட்டால், மிகுதி ஈரமும் உலர்ந்துவிடும். சாக்கையும் இரு நாட்களுக்கொருமுறை மாற்றுதல் வேண்டும். நாய் ஓயாது பாதத்தை நக்குதல், விரலிடுக்கு சிவத்தல், வெளிர்நிற மயிர் செம்பழுப்பாதல், புளித்த நாற்றம் வீசுதல் ஆகியன பூஞ்சணம் அல்லது கிருமி பற்றியதன் அடையாளங்களாயிருக்கலாம். இந்நிலையில் வீட்டு மருந்திற் காலங்கடத்தாது மிருக வைத்தியரிடம் காட்டுக.

துடைக்கும்போதே பாதத்தைப் பார்த்தும்விடலாம். கவ்வாத்து வெட்டிய மலையிற் சிதறிக் கிடக்கும் கூரிய குச்சிகள், இரத்தினக்கல் அகழும் குழியருகே குவித்த இல்லத்துக் கற்கள், முள்ளம்பன்றியின் முள் ஆகியன அடிக்கடி காணப்படுவன. அட்டை விரலிடுக்கில் ஒளிந்திருக்கும். சிறிது தேசிக்காய்ச் சாற்றை அதன் வாயருகே விட்டால் தானே கழன்றுவிடும். அது கடித்த இடத்தில் இரத்தம் விரைவில் உறையாது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முன்காலின் உட்புறத்தில் நிலந்தொடாது நிற்கும் நகத்தையும் கவனிக்க. தேய வழியின்றி வளைந்து வளர்ந்து, அது தசைக்குள்ளே புகுந்துவிடுவதுண்டு.

இறப்பர்க் காணி வைத்திருப்போர்க்கு இன்னுமொரு கவலை உண்டு. பால் உறையவைக்கும் கொட்டிலிற் போமிக் அமிலம் சிந்திய தரையில் நாய் நடந்தால் பாதம் வெந்துவிடும். உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். நாயை அக்கொட்டிலினுள் விடாதிருத்தலே நன்று. களைகொல்லி தெளித்த நாளிலும் அதனைக் கட்டிவைத்தல் வேண்டும்; மருந்திற் பட்ட காலை அது நக்கும் என்பதை மறத்தலாகாது.

வெட்டுக்காயம் கண்டால், ஆறிய கொதிநீர் அரை லீற்றரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதனாற் கழுவுக. நோவுற்ற நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். ஆகையால் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கழுவுதல் நன்று. கட்டுப் போட்டால் அது நனையாதிருத்தல் வேண்டும், நாள்தோறும் மாற்றப்படவும் வேண்டும். நனைந்த கட்டிலும் கட்டின்மை மேலானது. மண்ணெண்ணெய், கழிவு என்ஜின் எண்ணெய், பினைல் ஆகியவற்றைக் காயத்தில் ஊற்றும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. இவை தசையை எரிப்பதோடு, நக்கும்போது வயிற்றுக்குஞ் செல்லும். மஞ்சளை அப்பி மூடினால் காயத்தின் ஆழமும் உள்ளிருக்கும் மண்ணும் கண்ணுக்குத் தெரியாது. மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுப்பது உயிராபத்தாக முடியலாம்.

திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒருநாளுக்குள் புழு வெளிவரும். மழைக்காலத்தில் இது சாதாரணம். மேற்புறத்திற் சிறு துளையாகத் தோன்றும் புண்ணினுள்ளே பெருங்குழி இருக்கலாம். கெட்ட நாற்றம், இரத்தநீர் கசிதல், நாய் காலை ஊன்ற மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திராது பிரதேச மிருக வைத்திய அலுவலகத்திற்குக் கொண்டுசெல்க.

பாதத்தின் வழியே உடலுட் புகுவது கொக்கிப்புழு. நாயின் மலத்தோடு விழும் முட்டை, சூடும் ஈரமும் நிழலும் உள்ள மண்ணிற் பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரத்திற் தோலைத் துளைக்கவல்ல குடம்பியாகின்றது. நாயின் விரலிடுக்கில் அரிப்பும் சிவப்பும் உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணம். குட்டிகளின் முரசு வெளிறி, மலம் கருத்து, அவை இறக்கவும் கூடும். இவ்வகைப் புழுக்களுள் ஒன்று இலங்கையின் பெயரையே தாங்கியுள்ளது: இங்கு ஒரு புனுகுப்பூனையிடமிருந்து பெறப்பட்ட புழுவை 1911ஆம் ஆண்டில் லூஸ் என்னும் அறிஞர் விவரித்து அப்பெயரிட்டார். அப்புழு நாயிலும் மனிதரிலும் வாழக்கூடியது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் இந்நாட்டுத் தோட்டங்களில் நடைபெற்ற கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மனிதரிடையே பரவும் புழுவையே கருதியது. ஆயினும் மலசலகூடமும் பாதணியும் வேண்டும் என்ற அதன் பாடம் இதற்கும் ஏற்றதே. லயத்து வாசலில் நாய் மலங்கழித்த ஈரமண்ணிலே வெறுங்காலுடன் விளையாடும் குழந்தையின் காலில், நெளிந்து செல்லும் சிவந்த அரிப்புக்கோடு தோன்றினால் அது நாயின் புழுவாயிருத்தல் கூடும். குழந்தையை வைத்தியரிடம் காட்டுக. நாய் மலத்தை நாள்தோறும் அள்ளி, கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவிற் புதைத்தல் வேண்டும். பூச்சி மருந்தை நாயின் நிறைக்கேற்ப மிருக வைத்தியரே அளந்து கொடுப்பார்.

பாதத்தைத் துடைக்கும்போது நாய் கடித்துவிட்டால், சிறு கீறலாயினும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்க. ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடப்பெற்ற நாயாயினும் இவ்விதியை விடலாகாது. தடுப்பூசி அட்டை வீட்டிலிருப்பின் அதனையும் உடன் எடுத்துச் செல்க.