வேகத்துக்கு ஒரு கடிவாளம்

2009இல் போர் ஓய்ந்த பின் மன்னார் வீதிகள் திருத்தப்பட்டன. 2010இல் புதிய பாலமும் திறக்கப்பட்டது. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக இது பேருதவி. ஆனால் அன்று குழிகளில் ஊர்ந்த வாகனங்கள் இன்று பறக்கின்றன. இடம்பெயர்ந்து கீரி போன்ற ஊர்களில் வீதியோரம் குடியிருக்கும் எமக்கு வாசலே வீதிதான். எமது பிள்ளைகள் சைக்கிளில் போவதும், கழுதைகள் திரிவதும் அதே வீதியில்தான்.

சட்டப்படி கார் ஊர்மனைக்குள் 50 கிலோமீற்றர் வேகத்தில்தான் ஓடலாம், வெளியே 70. ஏன் இந்த எல்லை? ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கவே ஒரு வினாடி செல்லும். 50இல் வரும் கார் நிற்க ஏறக்குறைய 28 மீற்றர் வேண்டும். 80இல் வந்தால் 58 மீற்றர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

வாகனத்துக்கே கடிவாளம் போடலாமா? இந்தியாவில் 2015 முதல் புதிய லொறி, பஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு 80ஐத் தாண்டவிடாத கருவி கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் புதிய கார்களில் எல்லை மீறினால் எச்சரிக்கும் கருவி உண்டு. இவை நல்லவையே. ஆயினும் ஊருக்குள் 80உம் உயிர் குடிக்கும் வேகம். பள்ளிக்கூடத்தடியில் வேகத்தடையும் அறிவிப்புப் பலகையும் வேண்டும்.

கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைப் பேசுவோம். ஆபத்தான இடங்களைக் குறித்து, எல்லோரும் ஒப்பமிட்டு, கிராம சேவையாளர் ஊடாக வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு மனுக் கொடுப்போம். அதுவரை வாகனங்களை எதிர்நோக்கி வலப்பக்கமாக நடப்போம். இரவில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓடாதிருப்போம்.