சிறு தடத்தில் பிறக்கும் பெரு வீரர்கள்

"மாமா, நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான். கொஞ்சம் நல்ல புத்தி சொல்லுங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மருமகள் இப்படி ஆரம்பித்தாள். விஷயம் வேறொன்றும் இல்லை. பதின்மூன்று வயதுப் பேரன் கார்ப் பந்தய வீரனாகப் போகிறானாம்! டாக்டர், இஞ்சினியர் என்பதைத் தவிர வேறு பேச்சே எழாத எங்கள் மாரேட்பள்ளி வீட்டில் இது சிறு பூகம்பம்தான்.

இதில் என் பங்கும் உண்டு. 2023 பிப்ரவரி 11-ஆம் தேதி நம் உசேன் சாகர் ஏரிக்கரையில் ஃபார்முலா ஈ என்னும் மின்சாரக் கார்களின் உலகப் பந்தயம் நடந்ததே, அதற்கு அவனை அழைத்துப் போனவன் நான்தான். தலைமைச் செயலகத்தையும் லும்பினி பூங்காவையும் ஒட்டிய அதே சாலைகளில், நாம் ஸ்கூட்டரில் ஊர்ந்து போகும் இடங்களில், கார்கள் மிக்சி ஓடுவது போன்ற கீச்சொலியுடன் பாய்ந்து சென்றன. பிரெஞ்சு வீரர் ழான் எரிக் வெர்ன் வெற்றி பெற்றார். பேரன் அன்று முழுவதும் வாயை மூடவில்லை.

பிறகு அமெரிக்கக் கார்ப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கத் தொடங்கினான். "தாத்தா, இந்த ஸ்டாக் கார் ரேஸ்ல நம்ம ஆளு யாராவது ஓட்டியிருக்காங்களா?" என்று ஒருநாள் கேட்டான். "சேச்சே, அதெல்லாம் அவங்க ஊர் விளையாட்டு" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பிறகு விசாரித்தபோது நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. ஓட்டியிருக்கிறார். அதுவும் நம் கோயமுத்தூர்க்காரர்! அவர் வந்த வழியைப் படித்தபோது, பேரனுக்கு என்ன பதில் சொல்வது என்பதும் ஒருவாறு விளங்கியது. அதைத்தான் அன்பர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

ஸ்டாக் கார் என்றால் என்ன?

கடையில் விற்பனைக்கு இருக்கும் சரக்குக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாக்' என்று பெயரல்லவா? அப்படிக் கடையில் வாங்கிய சாதாரணக் காரை ஓட்டுவதுதான் தொடக்கத்தில் ஸ்டாக் கார் பந்தயம். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், தென் மாநிலத்து மலைப் பகுதிகளில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், போலீசிடமிருந்து தப்பிக்கத் தங்கள் கார்களின் இஞ்சினை முடுக்கி வைத்துக் கொண்டார்கள். யார் வண்டி வேகம் என்ற வீம்பு பந்தயமாக மாறியது. 1948-ல் நாஸ்கார் என்ற அமைப்பு தோன்றி இதை ஒழுங்குபடுத்தியது. இன்றைய கார்கள் வெளித்தோற்றத்தில்தான் சாதாரணக் கார்கள். உள்ளே முழுக்க முழுக்கப் பந்தய இயந்திரங்கள்.

இப்பந்தயங்கள் பெரும்பாலும் நீள்வட்டத் தடங்களில் நடக்கின்றன. புகழ்பெற்ற டேடோனா தடம் ஒரு சுற்றுக்கு 4 கிலோமீட்டர். அதன் வளைவுகள் 31 டிகிரி சரிந்து நிற்கும். ஒரு மைலுக்கும் குறைவானவை 'சிறு தடங்கள்'. அமெரிக்கச் சிற்றூர்களில் நம் ஊர்க் கபடித் திடல் மாதிரி இவை பரவிக் கிடக்கின்றன. சனிக்கிழமை இரவுகளில் மெக்கானிக்கும் மளிகைக் கடைக்காரரும் அங்கே கார் ஓட்டுவார்கள்.

சிறு தடம் என்றால் எளிது என்று எண்ண வேண்டாம். வேகமெடுத்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர், பின்னால் இடிப்பவர் ஒருவர். பிரேக்கையும் டயரையும் கடைசிச் சுற்று வரை காப்பாற்ற வேண்டும். கோபத்தையும் அடக்க வேண்டும். இதைப் பழகியவர்தான் பெரிய தடத்துக்குத் தகுதியாவார்.

டேல் எர்ன்ஹார்ட் என்பவர் கதை இதற்குச் சான்று. வட கரோலினா மாநிலத்தின் கனாபோலிஸ் என்ற சிற்றூர்க்காரர். தந்தை ரால்ஃபும் சிறு தடங்களில் பேர் வாங்கிய ஓட்டுநர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், உள்ளூர்த் தடங்களில் உருண்டு புரண்டு, நாஸ்காரின் உச்சப் பிரிவில் ஏழு முறை சாம்பியன் ஆனார். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி உயிரிழந்தார்.

சோழவரத்துப் புழுதி

நம் நாட்டில் இத்தகைய சிறு தடம் எங்கே இருந்தது? சென்னைக்கு அருகே சோழவரத்தில்! இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தி வந்தது. கல்லூரி நாட்களில் நண்பர்களோடு நானும் போயிருக்கிறேன். வெயில், புழுதி, பெட்ரோல் நெடி, காது அடைக்கும் சத்தம். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கால் கழுவச் சொல்வாள்.

பிறகு அதே கிளப், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் ஒன்றை அமைத்து 1990-ல் திறந்தது. தடம் மட்டும் இருந்தால் போதுமா? மலிவான கார் வேண்டாமா? அதைக் கொடுத்தவர் கோவையின் எஸ். கரிவரதன். மாருதி 800 காரின் 796 சி.சி. இஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் அமரும் சிறிய பந்தயக் காரை வடிவமைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. இறக்குமதிக் காருக்கு வழியில்லாத பிள்ளைகளும் பந்தயத்தில் இறங்க அது கதவைத் திறந்தது. 1995-ல் அவர் விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் உருவான பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது.

ஏணிப்படிகள்

இந்தச் சூழலில் வளர்ந்தவர்தான் நாராயண் கார்த்திகேயன். 1977-ல் பொங்கல் திருநாளில் பிறந்தவர். தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டிய முதல் ஃபார்முலா மாருதிப் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவராக வந்தார்.

ஆனால் அங்கிருந்து உலக மேடைக்கு எத்தனை படிகள் பாருங்கள்! 1992-ல் பிரான்சில் பந்தயப் பள்ளிப் பயிற்சி. பிறகு இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்டு. 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டம். அதை வென்ற முதல் இந்தியர் அவரே. அடுத்து பிரிட்டிஷ் ஃபார்முலா 3, ஜப்பான், மீண்டும் ஐரோப்பா. 2001 ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதனையாக ஓட்டி, ஃபார்முலா ஒன் காரில் அமர்ந்த முதல் இந்தியரானார். பந்தயத்தில் இடம் கிடைக்க மேலும் நாலு வருஷம் ஆயிற்று. 2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஓட்டி 15-ஆவதாக வந்தார்.

முதல் மாருதிப் பந்தயத்திலிருந்து மெல்போர்ன் வரை பத்து ஆண்டுகளுக்கும் மேல்! ஒவ்வொரு படியிலும் திறமையோடு பணமும் வேண்டியிருந்தது. வேகமாக ஓட்டத் தெரிந்தும், ஆதரவு தரும் நிறுவனம் கிடைக்காமல் நின்று போனவர்கள் உலகெங்கும் ஏராளம். கார்த்திகேயனுக்கு டாடா போன்ற நிறுவனங்கள் துணை நின்றன.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயம். சரிந்த வளைவில் மிஷலின் டயர்கள் தாங்காது என்று 14 கார்கள் விலகிவிட, மிச்சம் ஆறே கார்கள் ஓடின. நாலாவதாக வந்த கார்த்திகேயன் 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அதிர்ஷ்டம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவராக அங்கே நிற்பதற்கு எத்தனை ஆண்டு உழைப்பு!

மேலிருந்து மீண்டும் சிறு தடத்துக்கு

என்னை மிகவும் கவர்ந்தது இதற்குப் பிந்தைய பகுதிதான். 2006, 2007-ல் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார். ஆனால் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இடம் கிடைக்கவில்லை. 2010-ல், பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு, அமெரிக்கா சென்று நாஸ்காரின் டிரக் பிரிவில் சேர்ந்தார். ஏணியின் உயரத்தில் நின்றவர், பிக்கப் வேன் வடிவ வண்டியில், கீழ்ப்படியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில்லில். நாஸ்காரின் மிகச் சிறிய தடங்களுள் ஒன்று அது. சுற்றளவு ஏறத்தாழ 850 மீட்டர். 250 சுற்றுகள் கொண்ட பந்தயம். இறகு போன்ற காரைப் பழகிய கைக்கு இந்தக் கனத்த வண்டி முற்றிலும் புதிது. அவர் 13-ஆவதாக வந்தார். நாஸ்காரின் தேசியப் பந்தயங்களில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையும் சேர்ந்தது. அந்த ஆண்டு டிரக் பிரிவின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததும் அவரைத்தான்!

நாஸ்காரின் உச்சப் பிரிவுக்கு அவர் போகவில்லை. 2011-ல் ஃபார்முலா ஒன்னுக்கே திரும்பி, அக்டோபர் 30 அன்று நொய்டா அருகே நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரியில் சொந்த மக்கள் முன் ஓட்டினார். 2019-ல் ஜப்பானின் ஃபுஜி தடத்தில் நடந்த பெரும் பந்தயம் ஒன்றில் முதலிடம் பெற்றபோது அவருக்கு வயது 42.

பேரனுக்குச் சொன்னது

இவ்வளவையும் பேரனுக்குக் கதையாகச் சொன்னேன். நம் செகந்திராபாத்தில் பிறந்த நடிகர் அஜித்குமாரும் ஃபார்முலா மாருதியில் ஓட்டி, 2010-ல் ஃபார்முலா 2 வரை போனவர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மறைக்கக் கூடாததையும் சொன்னேன். 2023 ஆகஸ்டில் அதே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். வயது பதின்மூன்று. என் மருமகளின் பயம் வெறும் பயம் அல்ல. பணத்தைப் பற்றியும் சொன்னேன்: ஐரோப்பாவுக்கு அனுப்பும் வசதி நம் குடும்பத்துக்கு இல்லை. அவன் முகம் வாடியது. ஆனாலும் பொய்யான நம்பிக்கை கொடுப்பதைவிட இது மேல் என்று பட்டது.

"அப்ப முடியாதா தாத்தா?"

"முடியாதுன்னு சொல்லலை. முதல் படி எதுன்னு சொல்றேன். தலைக்கவசம் போட்டு, பயிற்சி தர்ற ஆள் பக்கத்துல இருக்க, கோ-கார்ட் ஓட்டிப் பாரு. கோடை விடுமுறையில கோவைக்குப் போய்ச் செட்டிபாளையம் தடத்தைப் பார்ப்போம். ஓட்டறவரை மட்டும் பார்க்காதே. டயர் மாத்தறவர், இஞ்சினைத் திருத்தறவர், கணக்குப் போடறவர், எல்லாரையும் பாரு. அப்புறம் பேசலாம்."

ஏரிக்கரைப் பந்தயம் 2024-ல் மறுபடி நடப்பதாக இருந்து ரத்தாகிவிட்டது. சுவர்களையும் வேலிகளையும் கழற்றிய பிறகு அந்தச் சாலை மீண்டும் வெறும் சாலை. ஆனால் சோழவரத்தின் ஓடுதளமும் கரிவரதனின் குட்டிக் காரும் வீரர்களை உண்டாக்கின. ஊருக்குப் பெருமை தருவது பெரிய திருவிழாவாக இருக்கலாம். பிள்ளைகளை வளர்ப்பது பக்கத்தில் இருக்கும் சிறு தடம்தான். இது காருக்கு மட்டுமல்ல, பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் படிப்புக்கும் பொருந்தும்.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஏதாவது சொன்னால், சிரித்து விடாதீர்கள். முதல் படியைக் காட்டுங்கள். ஏறுவதா வேண்டாமா என்பதை அது தானே கண்டுகொள்ளும்.

மருமகளுக்கு என் மேல் கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. காபி மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறது. கோவைக்கு மூன்று டிக்கெட்தானே எடுத்திருக்கிறேன் என்று நேற்று விசாரித்தாள். தானும் வரப் போகிறாளாம்!