பிள்ளைகளோடு சேர்ந்து சிரிப்போம்



"பிள்ளைகளிடம் சிரித்துப் பேசினால் பயம் விட்டுப்போகும். பயம் போனால் மரியாதையும் போய்விடும்." நம் குடும்பங்களில் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் பேச்சு இது. குறிப்பாக அப்பா என்றால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் வீடு அமைதியாகிவிடும். பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள். இதை நல்ல வளர்ப்பு என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் சிறு குழந்தைக்குத் தகப்பனைப் பார்த்ததும் வர வேண்டியது பயம்தானா? சற்றுச் சிந்திப்போம்.

சிரிப்பே பெயரான பிள்ளை

திருவிவிலியத்தில் ஒரு குழந்தைக்குச் சிரிப்பையே பெயராக வைத்தார்கள். ஆபிரகாமுக்கு வயது நூறு, சாராவுக்குத் தொண்ணூறு. இந்த வயதில் பிள்ளையா என்று முதலில் ஆபிரகாம் சிரித்தார் (தொநூ 17:17). பின்பு கூடாரத்துக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாராவும் தனக்குள் சிரித்தார் (தொநூ 18:12). கடவுள் அவர்களை ஒதுக்கிவிடவில்லை. பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயரிட்டார்கள். எபிரேய மொழியில் 'அவன் சிரிக்கிறான்' என்பது அதன் பொருள். நம்பிக்கையின்மையால் சிரித்த சாரா, பிள்ளை பிறந்ததும் கடவுளே தன்னைச் சிரிக்க வைத்தார் என்று மகிழ்ந்தார் (தொநூ 21:6). மீட்பு வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு வீட்டின் சிரிப்பொலி கேட்கிறது.

எருசலேமின் மீட்பைப் பற்றிப் பேசும் இறைவாக்கினர் செக்கரியாவும், அந்நகரின் தெருக்களில் சிறுவர் சிறுமியர் நிறைந்து விளையாடுவதையே அதன் அடையாளமாகக் காட்டுகிறார் (செக் 8:5).

குழந்தை ஏன் சிரிக்கிறது?

பொதுவாகக் குழந்தை இரண்டு மாத அளவில் நம் முகம் பார்த்துப் புன்னகை செய்கிறது. மூன்று, நான்கு மாதங்களில் வாய்விட்டுச் சிரிக்கிறது. பேச்சு வருவதற்கு வெகு முன்பே சிரிப்பு வந்துவிடுகிறது. எனவே குழந்தை நம்மோடு நடத்தும் முதல் உரையாடல்களில் ஒன்று சிரிப்பு.

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, பிறகு விலக்கிக் காட்டினால் குழந்தை குலுங்கிச் சிரிக்கும். இந்த விளையாட்டுக்குள் ஒரு பாடம் இருக்கிறது. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பதைக் குழந்தை முதல் வயதில் படிப்படியாகப் புரிந்துகொள்கிறது என்று சுவிட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜே (1896-1980) விளக்கினார். அம்மா மறைந்தாலும் திரும்பி வருவார் என்ற உறுதி, இப்படிச் சிரிப்போடு சிரிப்பாகக் குழந்தையின் மனத்தில் பதிகிறது. காணாததை நம்புவதற்கு இது ஒரு தொடக்கம் என்றும் சொல்லலாம்.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையின் முன் அப்பா தன் செருப்பைத் தலையில் வைத்து, "என் தொப்பி எப்படி?" என்று கேட்கட்டும். பிள்ளை உருண்டு புரண்டு சிரிக்கும். காரணம், செருப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை அது இப்போதுதான் கற்றிருக்கிறது. "அது தொப்பி இல்லப்பா, செருப்பு!" என்று அது திருத்தும். நாள் முழுவதும் எல்லாரும் தன்னையே திருத்திக்கொண்டிருக்கும் வீட்டில், ஒரு நிமிடம் அந்தப் பிள்ளை ஆசிரியராகிறது, அப்பா மாணவராகிறார். பெரியவர்களுக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரியலாம், பிள்ளைக்கோ அது தனக்குக் கிடைத்த மதிப்பு.

நம் முன்னோர் அறிந்ததே

இது ஏதோ மேல்நாட்டுப் பழக்கம் என்று எண்ண வேண்டாம். பிள்ளையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரலுக்கு விரல் பங்கு வைத்து, கடைசியில் நண்டு ஊர்வதாக விரல்களைக் கைமேல் ஏற்றி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை நம் பாட்டிமார் யாரிடமும் படிக்கவில்லை. முதுகில் உப்பு மூட்டை தூக்குவதும், யானையாகக் குனிந்து பேரனைச் சுமப்பதும் நம் வீடுகளில் இருந்தவைதான். பிள்ளை தன் சிறு கையால் அளைந்த கூழை அமிழ்தத்திலும் இனியது என்கிறார் வள்ளுவர் (குறள் 64). பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒரு பகுதி உண்டு. குழந்தையோடு விளையாட வரும்படி புலவர் நிலாவைக் கெஞ்சுவார், ஆசை காட்டுவார், வராவிட்டால் மிரட்டவும் செய்வார். இயேசுவைக் குழந்தையாக வைத்துப் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்களும் நம்மிடையே உண்டு.

சிறியவராகும் அன்பு

சீடர்கள் சிறு பிள்ளைகளைத் தொந்தரவாக நினைத்து அதட்டினார்கள். இயேசுவோ சீடர்கள்மீது கோபம் கொண்டு, பிள்ளைகளை அரவணைத்து ஆசி வழங்கினார் (மாற் 10:13-16). அவர் கடவுள் நிலையில் இருந்தும் தம்மைத் தாழ்த்திக்கொண்டவர் (பிலி 2:6-8). தரையில் மண்டியிட்டு யானையாகும் தகப்பன், இந்தத் தாழ்ச்சியின் சிறு சாயலைத் தன் பிள்ளைக்குக் காட்டுகிறார். 'விண்ணகத் தந்தை' என்று நாம் சொல்லிக்கொடுக்கும்போது, தந்தை என்ற சொல்லுக்குக் குழந்தையின் மனத்தில் எந்த முகம் வருகிறது? அதட்டும் முகம் மட்டுமே வந்தால், கடவுளும் அதட்டுபவராகவே தோன்றிவிடக்கூடும்.

புனித தொன் போஸ்கோ (1815-1888) சிறுவனாக இருந்தபோதே வித்தைக்காரர்களைப் பார்த்துக் கயிற்றில் நடக்கவும், பந்துகளை வீசிப் பிடிக்கவும் பழகினார். ஊராரைச் சிரிக்க வைத்து, அவர்களோடு ஜெபமாலையும் சொன்னார். 1832-ல் மாணவராயிருந்த நாளில் நண்பர்களைச் சேர்த்து மகிழ்ச்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அவரது சலேசிய சபையினர் இந்தியாவில் முதன்முதலாக 1906-ல் வந்து பணி தொடங்கியது நமது தஞ்சாவூரில்தான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூன் 14 அன்று நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானில் சந்தித்தபோது, நாம் அன்பு செய்பவர்களோடு விளையாடுவதுபோலக் கடவுளோடும் சிரித்து விளையாடலாம் என்றார்.

எல்லாச் சிரிப்பும் ஒன்றல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிள்ளையோடு சேர்ந்து சிரிப்பது வேறு, பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது வேறு. ஈசாக்கின் பெயருக்கு மூலமான அதே எபிரேயச் சொல், விளையாடுவதையும் குறிக்கும், ஏளனம் செய்வதையும் குறிக்கும். மழலை உச்சரிப்பை உறவினர் முன் சொல்லிக் காட்டுவது, நிறத்தையும் உடல் பருமனையும் கேலி செய்வது, பயந்த பிள்ளையை மேலும் பயமுறுத்தி அழ வைப்பது ஆகியவை விளையாட்டு ஆகா. கூட்டமே சிரிக்கும்போது பிள்ளையின் முகம் வாடினால், அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

கிச்சுக்கிச்சு மூட்டுவதும் அப்படியே. பிடிக்காதபோதும் உடல் தானாகச் சிரித்துவிடும். "போதும்" என்று பிள்ளை சொன்னால் உடனே கையை எடுங்கள். தன் உடலைப் பற்றித் தான் சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று பிள்ளை வீட்டிலேயே கற்றால், வெளியில் யாரேனும் தகாத முறையில் தொட முயன்றால் மறுத்துச் சொல்லவும், வந்து நம்மிடம் கூறவும் துணிவு பெறும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இதற்குப் பணம் வேண்டாம், பொம்மை வேண்டாம். வேலை முடிந்து களைப்போடு வரும் பெற்றோரால் முடிந்தது பத்து நிமிடம் என்றால் அதுவே போதும். அந்த நேரத்தில் கைப்பேசி அலமாரியில் இருக்கட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. வெளிநாட்டில் வேலை செய்யும் அப்பாக்களுக்கு மட்டும் அந்தக் கைப்பேசியே பாலம். "படிச்சியா, சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்தாமல், அவர்களும் திரையில் முகத்தை மறைத்துக் காட்டி விளையாடலாம்.

என்ன விளையாட்டு என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். பூனை போலக் கத்தலாம், கதையில் வரும் யானையைத் தோசை சுட வைக்கலாம், தெரிந்தே தப்பாக எண்ணலாம். கைக்குழந்தையைக் குலுக்குவதும் மேலே தூக்கிப் போடுவதும் வேண்டாம். குலுக்கினால் மூளையில் காயம் ஏற்படக்கூடும். கையைப் பிடித்துச் சுண்டித் தூக்கினால் முழங்கை மூட்டு நழுவலாம். வாயில் உணவு இருக்கும்போது சிரிக்க வைத்தால் புரையேறும்.

கண்டிப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். தெருவில் ஓடும் பிள்ளையைத் தடுக்கத்தான் வேண்டும், பொய் சொன்னால் திருத்தத்தான் வேண்டும். ஆனால் தன்னோடு சிரித்து விளையாடுபவர் கண்டிக்கும்போது, அது வெறுப்பினால் அல்ல, அக்கறையினால் என்று பிள்ளைக்குப் புரிகிறது. மரியாதை அதனால் குறைவதில்லை. பயம் பிள்ளை வளரும்வரைதான் நிற்கும், பாசம் நாம் முதுமை அடைந்த பிறகும் நிற்கும்.

எனவே இன்று மாலை ஜெபத்துக்குப் பாயை விரிக்கும் முன், அதே பாயில் சிறிது நேரம் பிள்ளைகளோடு உருண்டு சிரியுங்கள். ஆபிரகாம், சாராவின் இல்லத்தைச் சிரிப்பால் நிரப்பிய இறைவன், நம் இல்லங்களையும் அவ்வாறே ஆசீர்வதிப்பாராக.